வளையத்தின் நாலாவது மூலை

தாட்சாயணியின் விரல்களைப் பார்த்துத்தான் அவளைக் கண் ஆபரேஷன் தியேட்டருக்கு எடுத்தார்கள். வேலை கேட்டுப் போன அன்று, மூத்த டாக்டர் ஒருவர் தலைமுடியைவிட மெல்லிய நூல் ஒன்றை மேஜைமேல் போட்டு, இடுக்கியால் எடுத்து முடிச்சுப் போடச் சொன்னார். கூட வந்திருந்த மூன்று பெண்கள் நூல் எங்கே கிடக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தபோதே இவள் முடிச்சைப் போட்டுவிட்டு, அடுத்து என்ன என்பதுபோல நிமிர்ந்து பார்த்தாள். அது நடந்து பதினேழு வருஷமாகிறது.

சத்தியவேட்டுக்குப் பக்கத்தில் பிறந்தவள். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. சித்தூரில் நர்சிங் முடித்து, திருப்பதியில் அந்தத் தனியார் கண் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவள் அங்கேயே தங்கிவிட்டாள். பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருக்கும் ஹேமநாத்தைக் கட்டிக்கொண்டதும் அங்கேதான். டாக்டர் கிரண்குமார் கத்தியை எடுத்தால், கருவிகளை எடுத்துக் கொடுக்கத் தாட்சாயணி பக்கத்தில் நிற்க வேண்டும். அவர் தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பார். அவள் தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பாள். பெரும்பாலும் பேச்சே தேவைப்படாது. அவர் கை நீளும்போது வேண்டியது கையில் இருக்கும்.

லேசர் இயந்திரம் வந்த பிறகு அவள் வேலையில் ஒரு புதிய பொருள் சேர்ந்தது. கண்புரையை லேசரால் வெட்ட வேண்டுமானால் கண்மணி, அதாவது கண்ணின் நடுவில் இருக்கும் அந்தக் கறுப்புத் துவாரம், நன்றாக விரிந்திருக்க வேண்டும். சொட்டு மருந்து விட்டால் பெரும்பாலானவர்களுக்கு விரிந்துவிடும். சர்க்கரை நோய் முற்றியவர்களுக்கும், சில மாத்திரைகளை வருஷக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கும் எத்தனை சொட்டு விட்டாலும் மிளகளவுக்கு மேல் விரியாது. அப்படிப்பட்ட கண்ணுக்குள் முதலில் ஒரு வளையத்தை வைப்பார்கள். நீல நிற இழையால் ஆன சின்ன வளையம் அது. நாலு மூலையிலும் இழை சுருண்டு ஒரு மடிப்பாக நிற்கும். அந்த நாலு மடிப்பும் கண்மணியைச் சுற்றியிருக்கும் திரையின் விளிம்பைக் கவ்விக்கொண்டு அகட்டிப் பிடிக்கும். வளையத்தோடே நோயாளியைப் பக்கத்து அறைக்குக் கொண்டுபோவார்கள். அங்கே லேசரின் கிண்ணம் கண்ணின் மேல் வந்து உட்கார்ந்து, உறிஞ்சிப் பிடித்துக்கொண்டு, ஒரு நிமிஷத்துக்குள் வெட்டி முடித்துவிடும். பிறகு மறுபடி தியேட்டர். புரையை எடுத்து, லென்ஸ் வைத்து, கடைசியில் வளையத்தைக் கழற்றுவார்கள்.

வளையத்தை அதன் டப்பாவிலிருந்து மெல்லிய குழல் ஒன்றுக்குள் இழுத்து ஏற்றிக் கொடுப்பது தாட்சாயணியின் வேலை. குழலின் பின்னாலிருக்கும் பொத்தானைப் பின்னுக்கு இழுத்தால் வளையம் மடங்கி உள்ளே போகும். நாலு மூலையும் தடங்கல் இல்லாமல் நழுவிப் போக வேண்டும். அந்த நழுவல் எப்படி இருக்கும் என்பது அவள் கட்டைவிரலுக்கு மனப்பாடம்.

போன நவம்பரில் பங்காருபாளையத்திலிருந்து திருவேங்கடம் என்பவர் வந்தார். அறுபத்திரண்டு வயது. மாங்காய் மண்டியில் ரகம் பிரிக்கிறவர். டிராக்டர் வந்து நின்றதும், குவியல் குவியலாகக் கிடக்கும் தோத்தாபுரி மாங்காயை வெயிலில் நின்று ஒரு பார்வை பார்த்து, எது கூழ் ஃபாக்டரிக்கு, எது வெளியூர் மார்க்கெட்டுக்கு என்று சொல்லிவிடுவாராம். முப்பது வருஷ சர்க்கரை. கண்மணி விரியவே இல்லை.

அன்றைக்கு ஆறாவது ஆபரேஷன் அவருடையது. லேசர் அறையிலிருந்து இரண்டு முறை ஆள் வந்து ரெடியா என்று கேட்டுப் போனார்கள். "சிஸ்டர், தொந்தரகா," என்றார் கிரண்குமார். சீக்கிரம் என்கிறார். தாட்சாயணி பொத்தானை இழுத்தாள். மூன்று மூலை நழுவிப் போனது. நாலாவதில் மணல் பட்டதுபோல ஒரு சின்ன நெருடல். நிறுத்தி மைக்ரோஸ்கோப்பின் கீழ் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். அவள் இழுத்தாள். நெருடல் போய்விட்டது. குழலை டாக்டரின் கையில் வைத்தாள்.

லேசர் கிண்ணம் கண்ணை அழுத்தியபோது அந்த நாலாவது மூலை கழன்றது. கண்மணியின் திரை அந்தப் பக்கமாக உள்ளே சரிந்து லேசரின் பாதையில் வந்து விழுந்தது. திரும்பத் தியேட்டருக்கு வந்தபோது கண்ணுக்குள் ரத்தம். கிரண்குமார் ஒன்றே கால் மணி நேரம் போராடி லென்ஸை வைத்தார். பார்வை தப்பியது. ஆனால் கிழிந்த திரை பழையபடி சுருங்கவில்லை. கண்மணி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, திறந்த வாசலாக நின்றுவிட்டது.

வெளியே உட்கார்ந்திருந்த மகள் அகிலாவிடம் டாக்டர் சொன்னது தாட்சாயணியின் காதில் விழுந்தது. "உங்க நைனா கண்ண அசைச்சிட்டாரும்மா. லேசர் ஓடும்போது அசையக்கூடாது. எவ்வளவோ சொன்னோம்."

அவள் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். வாய் திறக்கவில்லை. அடுத்த நோயாளி வந்து படுத்துவிட்டார்.

மூன்றாம் வாரம் திருவேங்கடம் மறுபரிசோதனைக்கு வந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்ற முடியவில்லை. குழல் விளக்கைப் பார்த்தால்கூட தீக்கொள்ளியை வீசினதுபோல வெளிச்சம் சிதறுகிறது என்றார். தாட்சாயணி சொட்டு விடக் குனிந்தபோது அவர் தணிந்த குரலில் சொன்னார். "உங்களுக்கெல்லாம் ரொம்பத் தொந்தரவு குட்த்துட்டேம்மா. நான்தான் அசைஞ்சிட்டேன். எப்ப அசைஞ்சேன்னே எனக்குத் தெரியல. மன்னிச்சிக்கோ."

சொட்டு கன்னத்தில் விழுந்தது. பதினேழு வருஷத்தில் அவளுக்குச் சொட்டு குறி தவறியதில்லை.

அதன் பிறகு அவளால் ஓரிடத்தில் நிலையாக இருக்க முடியவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்து அடுப்பை அணைத்தோமா என்று பார்ப்பாள். அணைத்திருக்கும். கருவித் தட்டுகளை மூன்று முறை சரிபார்த்தாள். பிறகு ஐந்து முறை. பஸ்ஸில் உட்கார இடம் இருந்தாலும் நின்றுகொண்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் இருக்க மாட்டாமல், காரணம் எதுவும் இல்லாமல் கபிலதீர்த்தம் வரை நடந்துவிட்டுத் திரும்பி வந்தாள். கை மட்டும் எதையாவது இழுத்துக்கொண்டே இருந்தது: புடவை நூல், பையின் ஜிப், சுவரில் பெயிண்ட் உரிந்த இடம். இழுக்கும்போதெல்லாம் அந்த நெருடல் வருகிறதா என்று கட்டைவிரல் தேடியது.

"இன்னா தாட்சா, ஒரு வா துன்றதுக்குள்ள நாலு தபா எய்ந்துக்கற? உடம்பு சரியில்லயா?" என்றான் ஹேமநாத்.

"ஒண்ணியும் இல்ல. நீ துன்னு."

அவனிடமும் சொல்லவில்லை. சொன்னால் அது நடந்ததாகிவிடும் என்று பயம். சொல்லாமல் இருந்தாலும் அது நடந்ததாகத்தான் இருந்தது.

ஜூன் மாதத்தில் ஒரு புதன்கிழமை. கோயிலில் பிரபந்தம் சேவிக்கும் கோஷ்டியைச் சேர்ந்த ஸௌரிராஜன் வந்து படுத்தார். எழுபத்தொரு வயது. சர்க்கரை இல்லை, வேறு வியாதியும் இல்லை. ஆனாலும் கண்மணி விரிய மறுத்தது. கிரண்குமார் கேட்டபோது மாத்திரை ஒன்றும் சாப்பிடுவதில்லை என்று சாதித்துவிட்டார். டாக்டர் கை கழுவப் போனதும் தாட்சாயணி பெரியவரின் காதருகில் குனிந்தாள்.

"சாமி, சிறுநீருக்கு ஏதாச்சும் மாத்திரை போடறீங்களா? வெக்கப்படாதீங்க. கண்ணுக்குள்ள திரை தளந்து போறதே அதனாலதான்."

பெரியவர் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "எட்டு வருஷமா போட்டுண்டிருக்கேன்," என்றார். "ஆத்துலகூடத் தெரியாது. கோஷ்டியில ரெண்டு மணி நேரம் நிக்கணுமேம்மா. நடுவுல வெளியில போனா நன்னாவா இருக்கும்?"

அவள் அதை டாக்டரிடம் சொன்னாள். திரை தளர்ந்த கண் என்றால் வளையம் கட்டாயம் வேண்டும். டப்பாவைப் பிரித்தாள். குழலின் நுனிக் கொக்கியை வளையத்தில் மாட்டி, பொத்தானை மூச்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இழுத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவதில் அதே மணல்.

"நிறுத்துங்க சார்."

கிரண்குமாரின் கை ஏற்கெனவே நீண்டிருந்தது. "ஏமாயிந்தி? என்ன ஆச்சு?"

"மூலை சரியா ஏறல. மைக்ரோஸ்கோப்ல பாக்கணும்."

"சிஸ்டர், அங்க லேசர் ரெடியா நிக்குது."

"நிக்கட்டும் சார். கத்தி இன்னும் வெக்கல இல்ல. பாத்துட்டு வெய்ங்க."

அவள் குரல் உயர்ந்திருந்தது. தியேட்டரில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டர் குழலை வாங்கி மைக்ரோஸ்கோப்பின் கீழ் வைத்தார். மூன்று மூலையும் மூடியிருந்தன. நாலாவது மடிப்பு, மயிரிழை அளவுக்கு வாய் பிளந்துகொண்டு நின்றது. அவர் அதை நீண்ட நேரம் பார்த்தார். பார்க்க வேண்டியதற்கு மேலும் பார்த்தார் என்று அவளுக்குத் தோன்றியது.

அலமாரியில் பெரிய அளவு வளையங்கள்தான் மிச்சம். இந்தக் கண்ணுக்கு அவை ஆகாது. தனித்தனிக் கொக்கிகளால் திரையை இழுத்துப் பிடிக்கலாம் என்றால், கொக்கிகள் கண்ணுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். லேசரின் கிண்ணம் உட்காராது. சித்தூர்க் கிளையில் சரியான அளவில் ஒன்று இருப்பதாகத் தெரிந்தது. ஸௌரிராஜனை மறுநாள் காலை வரச் சொல்லி அனுப்பினார்கள். ஆஸ்பத்திரி வண்டி கண் முகாமுக்காகக் காளஹஸ்தி போயிருந்தது.

"நான் போய் எட்த்தாறேன் சார்," என்றாள் தாட்சாயணி. அவளால் அங்கே நிற்க முடியவில்லை.

பன்னிரண்டு மணி பஸ்ஸில் ஏறினாள். சந்திரகிரி தாண்டும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ரோட்டோரம் பூராவும் மாங்காய் டிராக்டர்கள். ஒவ்வொரு டிராக்டரைக் கடக்கும்போதும் அதைத் திரும்பிப் பார்த்தாள். சித்தூரில் இறங்கி, கிளை ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டு, உள்ளங்கையளவு அட்டைப்பெட்டியை வாங்கிப் பையின் உள்ளறையில் வைத்தாள். மணி இரண்டு. திருப்பதி பஸ் புறப்பட நின்றது. அதற்கு இரண்டு வண்டி தள்ளி, பங்காருபாளையம் வழியாகப் போகும் பலமனேர் பஸ். எதில் ஏறுவது என்று அவள் யோசித்ததாகவே பிறகு நினைவில்லை. டிக்கெட் கேட்டபோது பங்காருபாளையம் என்று சொல்லியிருந்தாள்.

மண்டியில் சீசன் உச்சத்தில் இருந்தது. மாங்காய்ப் பாலின் காரமான வாடை. லாரிகளின் இடையில் கேட்டுக் கேட்டுப் போனாள். திருவேங்கடம் வெயிலில் இல்லை. பச்சை வலைப் பந்தலின் கீழே, கறுப்புக் கண்ணாடியோடு, சாக்கின்மேல் உட்கார்ந்து அடிபட்ட காய்களை விரலால் அழுத்திப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டிருந்தார். அந்த வேலைக்கு வழக்கமாகக் கிழவிகளை வைப்பார்கள்.

"அண்ணா, நான் திருப்பதி ஆஸ்பத்திரி நர்ஸு."

"தெரியுதும்மா, கொரல்லயே தெரியுது. இன்னா இம்மாந்தூரம்? காய் வாங்க வந்தியா?"

"நீங்க அசையல அண்ணா."

"இன்னாது?"

"ஆபரேஷன்ல நீங்க அசையவே இல்ல. கண்ணுக்குள்ள ஒரு வளையம் வெச்சோம். அத நான் தப்பா ஏத்திக் குட்த்துட்டேன். ஒரு மூலை சரியாப் பிடிக்கல. அதான் கழண்டு போயி, கண்ணு இப்டி ஆயிடுச்சி."

திருவேங்கடம் கையிலிருந்த காயை அழுத்தினார். நல்ல காய் அது. அடிபட்டதன் குவியலில் போட்டார்.

"உனக்கு எப்ப தெரியும்?"

"அப்பவே."

"அப்பவேன்னா? நான் மேசை மேல பட்த்துக்கினு இருந்தப்பவே?"

"ஆமாண்ணா. கையில தெரிஞ்சுது. வாயத் தொறக்கல."

அவர் எழுந்து நின்றார். அடிப்பார் என்று நினைத்தாள். அடித்தாலும் தேவலை என்றிருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றினார். நிழலிலும் அந்தக் கண் கூசிச் சுருங்கி, நீர் வழிந்தது.

"ஏழு மாசமா எம்பொண்ணு என்ன சின்னப் புள்ளயத் திட்றாப்பல திட்டிக்கினு கீறா. ஒரு பத்து நிமிசம் சும்மா பட்த்துக்கினு இருக்க முடியலயா நைனா உனக்குன்னு. நானும் ஆமாம்மா, தப்புதாம்மான்னு கேட்டுக்கினு கீறேன். அன்னிக்கி உங்கிட்ட நான் மன்னிப்புக் கேட்டேன். கேட்டேனா இல்லயா?"

"கேட்டீங்க."

"கேட்டுக்கினு சும்மா நின்ன."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"வா. வூட்டாண்ட வந்து அவகிட்ட சொல்லு. எங்கிட்ட சொன்ன மாதிரியே சொல்லு. ஒரு சொல்லு கொறயக் கூடாது."

அவர் முன்னால் நடந்தார். லாரிகளின் பக்கப் பலகைகளைக் கையால் தொட்டுத் தொட்டு, வெளிச்சம் படாமல் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். வீட்டில் யாரும் இல்லை. அகிலா தனியார் பள்ளிக்கூடத்தில் டீச்சர், நாலரைக்குத்தான் வருவாள். திருவேங்கடம் ஒரு நாற்காலியைக் காட்டினார். தாட்சாயணி உட்கார்ந்தாள், எழுந்தாள், வாசலுக்குப் போனாள், திரும்ப வந்தாள். பையைத் திறந்து பெட்டி இருக்கிறதா என்று பார்த்தாள். அவர் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். முக்கால் மணி நேரம் போனது.

அகிலா பள்ளிக்கூடப் பையோடு உள்ளே வந்து இவளை அடையாளம் கண்டு, "சிஸ்டர், நைனாவுக்கு ஏதாவது செய்ய முடியுமாமா?" என்று ஆவலோடு கேட்டாள். அந்த ஆவலுக்கு எதிரே சொல்வது முன்னதைவிடக் கடினமாக இருந்தது. தாட்சாயணி நின்றுகொண்டே சொன்னாள். நெருடல், வளையம், கழன்றது, டாக்டர் சொன்னது, தான் கேட்டுக்கொண்டு நின்றது.

அகிலா நைனாவைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அழவில்லை. அலமாரியிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நடுத்தாளைக் கிழித்தாள்.

"எழுதிக் குடுப்பீங்களா?"

தாட்சாயணி எழுதினாள். ஆபீஸ் காரியம் என்றால் அவளுக்குத் தெலுங்கில்தான் கை ஓடும். ஒரு பக்கம் முழுக்க எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் கைபேசி எண்ணும் போட்டாள்.

திரும்பும் பஸ்ஸில், நெஞ்சு லேசாகிவிடும் என்று எதிர்பார்த்தாள். ஆகவில்லை. பழைய நமைச்சல் போன இடத்தில் புதியது வந்து உட்கார்ந்தது. வேலை போகுமா, உரிமம் போகுமா, ஹேமநாத் என்ன சொல்வான். வீட்டுக்குப் போனதும் அவனிடம் முழுவதும் சொன்னாள். அவன் சட்டைப் பித்தானைக்கூடக் கழற்றாமல் கேட்டுவிட்டு, "எனக்கு ஏன் மொதல்ல சொல்லல?" என்று ஒன்றை மட்டும் கேட்டான். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலை ஸௌரிராஜன் வந்து படுத்தார். சித்தூர் வளையத்தை அவள் ஏற்றினாள். நாலு மூலையும் எண்ணெயில் நழுவியதுபோல உள்ளே போயின. கிரண்குமார் கேட்பதற்கு முன்பே குழலை மைக்ரோஸ்கோப்பின் கீழ் வைத்துக் காட்டினாள். அவர் தலையசைத்தார். வளையம் கண்ணுக்குள் மலர்ந்து, சோர்ந்து கிடந்த திரையை நாலு பக்கமும் கவ்வி நிறுத்தியது. லேசர் அறையில் பெரியவர் வாய்க்குள் பாசுரம் முணுமுணுத்தார். "சாமி, உதட்டக்கூட அசைக்காதீங்க," என்று அவள் சொன்னதும் பட்டென்று நிறுத்திவிட்டார். கிண்ணம் வந்து உட்கார்ந்தது. லேசர் இயந்திரத்தின் மானிட்டரில் அந்த நாலாவது மூலையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள். அது அசையவில்லை. அரை மணிக்குள் எல்லாம் முடிந்து, பெரியவர் வெளியே போய்ப் பேரப்பெண்ணிடம் காபி கேட்டார்.

டாக்டரின் அறைக்குள் தாட்சாயணி கதவைத் தட்டாமல் நுழைந்தாள்.

"சார், நேத்து நான் பங்காருபாளையம் போனேன். திருவேங்கடத்தப் பாத்தேன். வளையத்த நான்தான் தப்பா ஏத்தினேன்னு சொல்லிட்டேன். எழுதியும் குட்த்துட்டேன்."

கிரண்குமார் டீ கிளாஸை மேஜைமேல் வைத்தார். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தாள். அவர் கம்ப்யூட்டரைத் தன் பக்கமாகத் திருப்பி, பிறகு அவள் பக்கமாகத் திருப்பினார். ஆபரேஷன்களை எல்லாம் மைக்ரோஸ்கோப்பின் கேமரா பதிவு செய்துகொண்டே இருக்கும். நவம்பர் மாதத்துப் பதிவு ஓடியது. நீல வளையம், கண்மணி. லேசர் அறைக்குப் போவதற்கு முன்பே, நாலாவது மூலை திரையைப் பிடித்தும் பிடிக்காமலும் நின்றது. தெரிந்தவர்கள் பார்த்தால் தெரியும்.

"அன்னைக்கே பாத்துட்டேன் சிஸ்டர்," என்றார். "வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடியே."

தாட்சாயணி அவர் பக்கம் திரும்பினாள். "அப்ப ஏன் சார் அவரு அசைஞ்சாருன்னு சொன்னீங்க?"

"சொல்லும்போது அப்டித்தான் நெனச்சேன். நிஜமா. அப்புறம் வீடியோ பாத்தேன். மாத்திச் சொல்லணும்னா மறுபடி அந்தப் பொண்ணு முன்னாடி போய் நிக்கணும். நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். ரிவ்யூக்கு வரும்போது சொல்லலாம்னு இருந்தேன்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கண்ணுக்குள்ள வெச்சது நான். வெச்சதும் நாலு மூலையையும் பாத்திருக்கணும். அது என் வேலை. உங்க வேலை இல்ல."

"ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துலதான சார் நின்னுக்கினு இருந்தோம். ஏழு மாசம்," என்றாள் அவள். வெளியே வந்து மாடிப்படியில் ஏறி, இறங்கி, மறுபடி ஏறினாள்.

திங்கட்கிழமை அகிலா நைனாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அந்தத் தாள் அவள் கையில் இருந்தது. கிரண்குமார் அவர்கள் எதிரே உட்கார்ந்து பதிவைப் போட்டுக் காட்டி, தான் பார்த்ததையும் மறைத்ததையும் சொன்னார். கிழிந்த திரையை உள்ளேயே தைத்துக் கண்மணியைச் சிறிதாக்க முடியும் என்றும், முழுக்கப் பழையபடி ஆகாது, கூச்சம் வெகுவாகக் குறையும் என்றும் சொன்னார். செலவு முழுக்க ஆஸ்பத்திரியுடையது. தன் கையை நம்ப முடியாவிட்டால் வேலூரில் வேறு டாக்டரிடம் ஏற்பாடு செய்வதாகவும் சொன்னார்.

திருவேங்கடம் நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்து உட்கார்ந்தார். "சீசன் முடியட்டும். அப்பால வேலூருக்கே போறேன். உங்க கையால வேணாம். கோவத்துல சொல்லல சார், பயமா கீது."

அகிலா புகாரையும் கொடுத்தாள். நிர்வாகம் விசாரித்தது. இரண்டு மாதம் தாட்சாயணியைத் தியேட்டருக்குள் விடவில்லை. வெளிநோயாளிப் பிரிவில் சீட்டு எழுத உட்காரவைத்தார்கள். உட்கார்ந்தே இருக்க வேண்டிய வேலை. அவளுக்கு அதுதான் பெரிய தண்டனை. வயதான ஆண்கள் வந்தால், சீட்டில் பெயர் எழுதுவதற்கு முன்பே சிறுநீர் மாத்திரை உண்டா என்று நேராகக் கேட்டாள். சிலர் முறைத்தார்கள். நாலு பேரில் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் என்றார். அதைச் சிவப்பு மையில் எழுதி அனுப்பினாள். தியேட்டரில் அந்தச் சிவப்பைப் பார்த்ததும் வளையத்தைத் தயாராக எடுத்துவைக்க ஆரம்பித்தார்கள்.

விசாரணை முடிந்து டாக்டருக்கும் அவளுக்கும் எழுத்துப்பூர்வமாக எச்சரிக்கை வந்தது. வளையம் ஏற்றியதும் மைக்ரோஸ்கோப்பில் இரண்டு பேர் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று புது விதி போட்டார்கள். அவளைச் சித்தூர்க் கிளைக்கு மாற்றினார்கள். அங்கே லேசர் கிடையாது, கையால்தான் ஆபரேஷன். ஆனாலும் சின்னக் கண்மணிக்கு அதே நீல வளையம்தான். காலை ஆறு மணி பஸ்ஸில் போய் மாலையில் திரும்புகிறாள். ஹேமநாத் டெப்போவில் சொல்லிவைத்து, அவள் ஏறும் வண்டியில் ஜன்னல் சீட்டு பிடித்துத் தருகிறான். பாதி நாள் உட்காருகிறாள்.

செப்டம்பரில் திருவேங்கடத்துக்கு வேலூரில் தையல் போட்டார்கள். திருப்பதியில் கேட்டுத் தேதியைத் தெரிந்துகொண்டு, அன்று விடுப்புப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே இருந்த டீக்கடையிலேயே அவள் நின்றிருந்தாள், உள்ளே போகவில்லை. மத்தியானம் அகிலா வெளியே வந்து, இவளைப் பார்த்துவிட்டு, ரோட்டைத் தாண்டி வந்தாள். "ஆச்சு. நல்லா ஆயிருக்குன்னாங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

மூன்று வாரம் கழித்து வேலை நேரத்தில் கைபேசி அடித்தது.

"நர்ஸம்மா, நான் திருவேங்கடம். வெயில்ல கண்ணாடி இல்லாம நின்னேன் இன்னிக்கி. உச்சி வெயில்ல முடியல. மத்த நேரத்துல பரவாயில்ல." போனைக் காது மாற்றிப் பிடிக்கிற சத்தம் கேட்டது. "அந்தப் பக்கத்துக் கண்ணுலயும் பொரை முத்திக்கினு வருதாம். சித்தூர்ல செய்வாங்களா?"

"செய்வாங்கண்ணா. இங்க கையாலதான்."

"வளையம் வெப்பாங்களா?"

"உங்க கண்ணுக்கு வெக்கணும்ணா. நான்தான் ஏத்திக் குடுப்பேன். இன்னொருத்தரும் பாப்பாங்க."

அந்தப் பக்கம் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"அகிலாகிட்ட கேட்டுட்டு சொல்றேன்," என்று வைத்துவிட்டார்.

அது நடந்து பதினோரு நாளாகிறது. தினமும் காலையில் சித்தூரில் இறங்கி ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும், உடை மாற்றுவதற்கு முன்னால், அந்த வாரத்து ஆபரேஷன் பட்டியலை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை விரலை ஓட்டிப் பார்க்கிறாள். திருவேங்கடத்தின் பெயர் இன்னும் வரவில்லை. பிறகு கை கழுவப் போகிறாள்.